வந்தனமும் வெளியேற்றமும்: 17ஆவது மக்களவையின் பெண்களை வாசித்தல்

மக்களவை உறுப்பினர்களின் பட்டியலை யாரும் வாசிப்பதில்லை. தேவைப்படும்போது புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். தொகுதி, பெயர், கட்சி என்ற மூன்று பத்திகளுக்குள் ஒரு நாட்டின் ஐந்தாண்டு அரசியல் அடங்கிவிட்டதைப்போல அது தோற்றம் தருகிறது. ஒரு நாவலையோ கவிதையையோ பிரதியாக எடுத்துக்கொண்டு, அதில் பெண் எங்கே இருக்கிறாள், எப்படி அழைக்கப்படுகிறாள், எந்த இடத்தில் அவளுடைய பேச்சு அறுபடுகிறது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே கேள்விகளை இந்தப் பட்டியலிடமும் கேட்கலாம். 2019 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டு 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையை இந்த வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அதுவரை அமைந்த மக்களவைகளிலேயே அதிகப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை அது. மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே அவைதான். பெண்ணின் சம்மதம் குறித்த தண்டனைச் சட்டத்தைப் புதிதாக எழுதியதும் அதே அவைதான். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கிற சித்திரம், தனித்தனியாகப் பார்க்கும்போது கிடைப்பதில்லை.

பெயருக்கு முன்னால் நிற்பது

பட்டியலில் ஆண்களின் பெயர்களோடு 'ஸ்ரீ' என்ற ஒரே அடைமொழி வருகிறது. அவர் மணமானவரா, ஆகாதவரா, மனைவியை இழந்தவரா என்பதை அது நமக்குச் சொல்வதில்லை. பெண்களுக்கு 'ஸ்ரீமதி', 'குமாரி', 'சுஸ்ரீ' என்று பிரிகிறது. லட்சக்கணக்கான வாக்குகள் பெற்று வந்த ஒருத்தியின் தொகுதியை அறிவதற்கு முன்பே அவளுடைய மணநிலையை நாம் ஊகித்துவிட முடிகிறது. அதை மறைக்கிற ஒரே திரை 'டாக்டர்' பட்டம்தான். தென்சென்னையின் உறுப்பினர் த. சுமதி என்கிற தமிழச்சி தங்கபாண்டியனுக்கு அந்தத் திரை வாய்த்திருக்கிறது.

உறுப்பினர்களைப் பற்றிய அதிகாரபூர்வக் குறிப்பும் இதே வழியில்தான் போகிறது. தந்தை பெயர், தாய் பெயர், மணநிலை, துணைவர் பெயர் என்று வரிசையாக வந்து, மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை என்று தனித்தனிக் கட்டங்களில் கேட்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே படிவம்தானே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஆணின் குறிப்பில் இந்தத் தகவல்களைத் தாண்டிக் கண் போய்விடுகிறது. பெண்ணின் குறிப்பில் அங்கேயே நின்றுவிடுகிறது. யார் மகள், யார் மனைவி என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அவள் என்ன பேசினாள் என்று கேட்க நாம் பழக்கப்பட்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், இன்னாரின் தாய் என்றே பதிவு செய்துகொண்டார்கள். அந்நியரிடம் பெண் தன் பெயரைச் சொல்லலாகாது என்பது அங்கே வழக்கம். பெயரில்லாத வாக்காளரை ஏற்க முடியாது என்று தேர்தல் ஆணையம் முடிவெடுத்தது. சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். பெயரைச் சொல்லக்கூடாது என்றது வீடு. சொல்லாததால் வாக்கில்லை என்றது அரசு. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவள் பெண். ஆகவே ஒரு பட்டியலில் ஒரு பெண் தன் சொந்தப் பெயரோடு இருப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெயர் அங்கே வருவதற்கு யார் அனுமதித்தார்கள், வந்த பிறகு எத்தனை நாள் அதை இருக்கவிட்டார்கள் என்பவைதான் நம் கேள்விகள்.

வாசலில் நிற்பவர்கள்

543 இடங்களில் 78. நூற்றுக்குப் பதினான்கு. 2014இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 62ஐவிட இது அதிகம் என்பதால் 'வரலாறு காணாத எண்ணிக்கை' என்று அப்போது எழுதப்பட்டது. அதே தேர்தலில் வாக்களித்த பெண்களின் விகிதம் முதல்முறையாக ஆண்களின் விகிதத்தை மயிரிழையில் முந்தியது. வாக்குச்சாவடியில் ஏறக்குறைய பாதியாக நின்றவர்கள் அவையில் ஏழில் ஒருவராகச் சுருங்குவது எப்படி?

பெண்களுக்கு வாக்காளர்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்பது கட்சி அலுவலகங்களில் வழங்கும் விளக்கம். 'வெற்றி வாய்ப்பு' என்ற சொல்லை வைத்தே பெண்களின் விண்ணப்பங்கள் ஒதுக்கப்படுகின்றன. 2019இன் கணக்கு இந்த விளக்கத்தை ஆதரிக்கவில்லை. வேட்பாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் போட்டியிட்ட பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒருவர் வென்றார். ஆண்களில் வென்றவர்களின் விகிதம் அதைவிடக் குறைவு. ஆண்களில் சுயேச்சைகள் மிகுதி என்பதைக் கழித்துக்கொண்டாலும், பெண்ணை நிறுத்தினால் தொகுதி போய்விடும் என்ற வாதத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை. சுருக்கம் நடப்பது வாக்குச்சாவடியில் இல்லை. வேட்பாளர் பட்டியல் எழுதப்படும் அறையில் நடக்கிறது.

அதை மாற்றச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அதே தேர்தல் காட்டியது. ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 21 இடங்களில் ஏழைப் பெண்களுக்குத் தந்தது, ஐவர் வென்றார்கள். மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரஸ் 42 இடங்களில் 17ஐப் பெண்களுக்குத் தந்தது. ஒன்பது பேர் வென்றார்கள். அந்தக் கட்சிகளின் மற்ற அரசியலைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரு தலைமை முடிவெடுத்தால் ஒரே தேர்தலில் இது சாத்தியம் என்பது நிரூபணமானது.

தமிழ்நாட்டின் பக்கம் வந்தால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நாடெங்கும் எண்ணிக்கை கூடியபோது இங்கே குறைந்தது. 2014இல் நால்வர், 2019இல் மூவர். தூத்துக்குடியில் கனிமொழி, கரூரில் ஜோதிமணி, தென்சென்னையில் தமிழச்சி. பெண்ணுரிமையைக் கொள்கையாகச் சொல்லும் தி.மு.க. தன் இருபது வேட்பாளர்களில் இரண்டு பெண்களை நிறுத்தியது. ஒரு பெண்ணின் தலைமையில் இரண்டரைப் பத்தாண்டுகளுக்குமேல் இயங்கிய அ.இ.அ.தி.மு.க., அவர் மறைந்த பின் வந்த முதல் மக்களவைத் தேர்தலில் ஒரே ஒரு பெண்ணை நிறுத்தியது. நாம் தமிழர் கட்சி சரிபாதி இடங்களைப் பெண்களுக்குத் தந்தது. எந்த இடத்திலும் வெல்லவில்லை. வெல்லும் நிலையில் இருந்த கட்சிகளும் சரிபாதி தருகிற கட்சியும் இங்கே ஒன்றாக இருக்கவில்லை. சமூகநீதி பேசும் மண் என்ற பெருமையில் பெண்ணின் கணக்கு எப்போதுமே பின்னால் தள்ளிப்போடப்படுகிறது.

எழுபத்தெட்டு என்பது ஒருமை இல்லை

'பெண் உறுப்பினர்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பட்டியலில் இருந்தவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை.

ஒடிசாவின் அஸ்கா தொகுதியிலிருந்து வந்த பிரமிளா பிசோயி எழுபதை நெருங்கியவர். மூன்றாம் வகுப்புக்குமேல் பள்ளிக்குப் போகாதவர். மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கட்டியெழுப்பியதே அவருடைய அரசியல் முதலீடு. இரண்டு லட்சத்துக்கும் மேலான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே மாநிலத்தின் கியோஞ்சரிலிருந்து வந்த சந்திராணி முர்மு பொறியியல் படித்த பழங்குடிப் பெண். 25 வயதில் அவையின் மிக இளைய உறுப்பினர். பிரச்சாரத்தின்போதே அவருடைய முகத்தை ஒட்டிய போலிக் காணொளி ஒன்று பரப்பப்பட்டது. கேரளத்தின் ஆலத்தூர் தனித்தொகுதியில் ரம்யா ஹரிதாஸ் பாட்டுப் பாடி வாக்குக் கேட்டதற்காக ஏளனம் செய்யப்பட்டார். ஒன்றரை லட்சத்துக்கும் அதிக வாக்கு வித்தியாசத்தில் வென்று, அந்த மாநிலத்திலிருந்து மக்களவைக்குச் சென்ற இரண்டாவது தலித் பெண் ஆனார். இருபது தொகுதிகள் கொண்ட கேரளத்திலிருந்து அந்த முறை வந்த ஒரே பெண்ணும் அவர்தான்.

மேற்கு வங்கத்தின் மிமி சக்ரவர்த்தியும் நுஸ்ரத் ஜஹானும் முதல் நாள் நாடாளுமன்ற வாசலில் கால்சட்டையோடு படமெடுத்துக்கொண்டதற்காக வசைபாடப்பட்டார்கள். அவர்கள் நடிகைகள் என்பதுதான் வசைக்கு உரிமை தந்தது. அதே அவையில் திரைத்துறையிலிருந்து வந்த ஆண்கள் என்ன உடுத்தினார்கள் என்பது நம் நினைவில்கூட இல்லை.

இன்னொரு முனையில் போபாலின் பிரக்யா சிங் தாக்கூர். கோட்சேயைத் தேசபக்தர் என்று சொன்ன சர்ச்சைக்காக 2019 நவம்பரில் அவையிலேயே மன்னிப்புக் கேட்க நேர்ந்தவர். அவரும் 78இல் ஒருவர். பெண்களின் எண்ணிக்கை கூடினால் அரசியல் தானாகக் கனிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. பெண்கள் நல்லவர்கள் என்பதற்காக நாம் பிரதிநிதித்துவம் கேட்கவில்லை. ஆண்கள் நல்லவர்களாக இருந்ததால்தான் அவர்களுக்கு இத்தனை காலமும் இடம் கிடைத்தது என்று யாரும் சொன்னதில்லையே.

அடுத்தது 'வாரிசு' என்ற குற்றச்சாட்டு. கனிமொழி முன்னாள் முதல்வரின் மகள்; தமிழச்சி முன்னாள் அமைச்சரின் மகள், இன்னொரு அமைச்சரின் சகோதரி. இதை மறைக்கத் தேவையில்லை. அரசியல் குடும்பம் இல்லாத பெண்ணுக்குக் கட்சியின் கதவு எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்பதற்கு இது சான்று. அதே கட்சிகளில் மகன்களும் மருமகன்களும் வரிசையாக வரும்போது அது 'தலைமுறை மாற்றம்' ஆகிறது. மாற்றுவழி எங்கிருந்து வரும் என்பதற்கு ஜோதிமணியின் பாதை ஒரு குறிப்பு. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, தொண்ணூறுகளில் ஒன்றியக் கவுன்சிலராகத் தொடங்கியவர் அவர். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கை உறுதிசெய்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல்தான் வந்தது. தந்தையின் பெயர் செய்கிற வேலையை ஒரு சட்டம் செய்ய முடியும் என்பதை அந்தத் தலைமுறைப் பெண்கள் காட்டினார்கள்.

இத்தனை வேறுபாடுகளோடு வந்தவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றாகிறார்கள். கட்சியின் கொறடா உத்தரவுக்கு எதிராக வாக்களித்தால் பதவி போகும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுதான். ஆனால் கட்சித் தலைமைகளில் பெண்கள் அரிதாக இருக்கும் வரை, கொறடாவின் கட்டளை என்பது பெரும்பாலும் ஆண்கள் எடுத்த முடிவைப் பெண்கள் கைதூக்கி ஏற்பதாகவே முடியும்.

இருக்கையில் இருந்தவள்

2019 ஜூலை 25. முத்தலாக் மசோதா மீதான விவாதம். முஸ்லிம் பெண்களைக் காப்பதாகச் சொன்ன அந்த மசோதாவைக் கொண்டுவந்த ஆளுங்கட்சிக்கு அந்த அவையில் ஒரு முஸ்லிம் உறுப்பினர்கூட இல்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. யாருக்காகச் சட்டம் எழுதப்படுகிறதோ அவர்கள் எழுதுபவர்களின் வரிசையில் இல்லாத நிலையில் சட்டம் நிறைவேறியது. கணவனைச் சிறைக்கு அனுப்புவதே பெண்ணுக்கு நீதியா என்று முஸ்லிம் பெண்கள் பலர் வெளியே எழுப்பிய கேள்வியும் வெளியிலேயே நின்றது.

அன்று அவைத்தலைவர் இருக்கையில் ரமா தேவி இருந்தார். பீகாரின் சிவஹர் தொகுதி உறுப்பினர், பா.ஜ.க.வைச் சேர்ந்தவர். பேச எழுந்த சமாஜ்வாதி உறுப்பினர் ஆசம் கான், இருக்கையைப் பார்த்துப் பேச வேண்டிய இடத்தில் இருக்கையில் இருந்த பெண்ணின் முகத்தையும் கண்களையும் பற்றிப் பேசினார். கட்சி கடந்து பெண் உறுப்பினர்கள் கண்டித்தார்கள். சில நாட்களில் அவர் மன்னிப்புக் கேட்டார். அவைக்குறிப்பிலிருந்து சொற்கள் நீக்கப்பட்டன.

சம்பவம் அதோடு முடிந்தது. ஆனால் விமர்சகருக்கு அது அங்கே முடிவதில்லை. அவையின் ஆக உயர்ந்த இருக்கை, அதில் அமர்ந்தவரைப் பாலற்றவராக ஆக்கிவிடும் என்பது நாடாளுமன்ற மரபின் நம்பிக்கை. யார் அமர்ந்தாலும் அது 'தலைமை'தான். ஒரு பெண் அமர்ந்தபோது அந்த மரபு ஒரு நிமிடத்தில் கழன்று விழுந்தது. பெண்களைக் காப்பது குறித்த விவாதத்தின் நடுவிலேயே அது நடந்தது என்பதை நாம் தற்செயல் என்று விட்டுவிட வேண்டியதில்லை. காப்பாற்றப்பட வேண்டியவளாகவும் பார்த்து ரசிக்கப்பட வேண்டியவளாகவும் பெண்ணைக் காணும் கண் ஒன்றேதான். அந்தக் கண்ணுக்கு, அவையை நடத்தும் பெண் தெரிவதில்லை.

வணங்கிய அவை

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. அதே நாளில், ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்த மல்யுத்த வீராங்கனைகள் அந்தக் கட்டடத்தை நோக்கிப் பேரணியாகப் புறப்பட்டார்கள். சாலையிலேயே காவல்துறையினர் அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். உலகப் போட்டிகளில் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்கள் தார்ச்சாலையில் அழுத்தப்பட்ட படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்கள் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்திருந்தது மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஜூன் மாதம் டெல்லி காவல்துறை அவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கைசர்கஞ்ச் தொகுதியின் உறுப்பினராக அவர் பெயர் 17ஆவது மக்களவைப் பட்டியலில் கடைசி நாள்வரை இருந்தது.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 19 அன்று, அந்தப் புதிய கட்டடத்தில் அவை முதன்முறையாகக் கூடியபோது அறிமுகமான முதல் மசோதா மகளிர் இடஒதுக்கீடு. மறுநாள் 454 பேர் ஆதரித்து, இருவர் எதிர்த்து வாக்களிக்க, மக்களவையில் அது நிறைவேறியது. 1996இல் முதல் மசோதா வந்தபோது பிறந்த பெண்ணுக்கு அன்று 27 வயது. எத்தனை முறை அந்தத் தாள்கள் கிழிக்கப்பட்டன, கீதா முகர்ஜி போன்றவர்கள் எத்தனை ஆண்டு அதற்காக உழைத்தார்கள், 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் எப்படி மக்களவைக்கு வராமலே காலாவதியானது என்பதெல்லாம் நம் இயக்கத்தின் நினைவில் இருப்பவை. ஆகவே அந்த நாளின் மகிழ்ச்சியை நாம் மறுக்க வேண்டாம்.

ஆனால் அதற்கு வைக்கப்பட்ட பெயரைப் படிக்க வேண்டும். 'நாரி சக்தி வந்தன் அதிநியம்'. பெண் சக்திக்கு வந்தனம் செய்யும் சட்டம். இடஒதுக்கீடு என்ற சொல் பெயரில் இல்லை. உரிமை என்ற சொல்லும் இல்லை. உரிமை என்பது கேட்டுப் பெறுவது, தராவிட்டால் வழக்குப் போடக்கூடியது. வந்தனம் என்பது வணங்குபவரின் விருப்பம். எப்போது வணங்குவது, எந்தத் தெய்வத்தை வணங்குவது, எப்போது நடையைச் சாத்துவது என்பதை அவரே தீர்மானிப்பார். விவாதத்தில் கனிமொழி இதைத்தான் தொட்டார்: வணக்கமும் வழிபாடும் வேண்டாம், பீடத்திலிருந்து இறங்கிச் சமமாக நடக்க விடுங்கள் என்ற பொருளில் பேசினார். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊரிலிருந்து போன ஒருவருக்கு இந்தத் தந்திரம் புரியாமல் போகாது.

பெயர் சொன்னதைச் சட்டத்தின் உள்ளடக்கம் உறுதிசெய்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை, அதன் பிறகே ஒதுக்கீடு. 2021இல் முடிந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அப்போது தொடங்கவே இல்லை. உடனே நடைமுறைப்படுத்துங்கள் என்று எதிர்க்கட்சிகளின் சார்பில் சோனியா காந்தி கேட்டார். பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்ற குரலும் எழுந்தது. எதிர்த்து வாக்களித்த இருவரும் சொன்ன காரணம், பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு அதில் இடமில்லை என்பதே. அவர்கள் பெண்களுக்கு எதிரிகள் என்று சுலபமாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த அவையில் முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர் என்று ஒற்றை விரல்களால் எண்ணிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை ஒதுக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இந்த நிபந்தனை இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. மக்கள்தொகை அடிப்படையில் மறுவரையறை நடந்தால், குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்ற தென் மாநிலங்களின் பங்கு குறையும் என்பது இங்கே நியாயமான அச்சம். பிறப்பு விகிதம் குறைந்ததன் சுமையைச் சுமந்தவை பெண்களின் உடல்கள். கருத்தடை அறுவைக்கு மேசையில் படுத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இப்போது அந்தப் பெண்களிடமே, உன் மாநிலத்தின் பங்கு வேண்டுமா, உன் பங்கு வேண்டுமா என்று கேட்கும் நிலையைச் சட்டம் உருவாக்கியது. இரண்டையும் முடிச்சுப் போட எந்தத் தேவையும் இருக்கவில்லை. இருக்கிற 543 தொகுதிகளிலேயே மூன்றில் ஒன்றை ஒதுக்கியிருக்கலாம்.

வெளியேற்றிய அவை

வணங்கி மூன்று மாதம் ஆவதற்குள் டிசம்பர் வந்தது.

டிசம்பர் 8 அன்று கிருஷ்ணாநகர் உறுப்பினர் மஹுவா மொய்த்ரா அவையிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வி கேட்கப் பணமும் பரிசுகளும் வாங்கினார் என்பதும், தன் நாடாளுமன்றக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு தொழிலதிபரிடம் கொடுத்தார் என்பதும் குற்றச்சாட்டுகள். கடவுச்சொல்லைப் பகிர்ந்ததை அவர் ஒப்புக்கொண்டார். பணம் வாங்கியதை மறுத்தார். நெறிமுறைக் குழுவின் விசாரணையில் தன்னிடம் அந்தரங்க வாழ்க்கை குறித்துக் கேட்கப்பட்டதாகச் சொல்லி வெளிநடப்புச் செய்தார். குழுத் தலைவர் அதை மறுத்தார். அறிக்கை அவைக்கு வந்த நாளிலேயே குரல் வாக்கெடுப்பு நடந்தது. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு அவையில் அனுமதி தரப்படவில்லை. அவர் குற்றமற்றவர் என்று வாதிடுவது இங்கே நோக்கம் இல்லை. குற்றப்பத்திரிகையே தாக்கலான ஒருவரிடம் இந்த அவை காட்டிய பொறுமையையும், இங்கே காட்டிய வேகத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறோம், அவ்வளவே.

டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்துப் புகைக்குப்பியைத் திறந்தார்கள். பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. மறுநாள் இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் கனிமொழி, ஜோதிமணி, ரம்யா ஹரிதாஸ் இருந்தார்கள். 18ஆம் தேதி நீக்கப்பட்டவர்களில் தமிழச்சி தங்கபாண்டியன் இருந்தார். அதற்கு மறுநாள் சுப்ரியா சுலேயும் டிம்பிள் யாதவும் போனார்கள். குதித்தவர்களுக்கு நுழைவுச்சீட்டுப் பரிந்துரைத்த ஆளுங்கட்சி உறுப்பினர் உள்ளேயே இருந்தார். முதல் நாள் பட்டியலில் அன்று அவைக்கே வராத ஓர் ஆண் உறுப்பினரின் பெயரும் இருந்து, பிறகு நீக்கப்பட்டது. பார்க்காமலே பட்டியல் எழுத முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இவர்கள் பெண்கள் என்பதால் வெளியேற்றப்படவில்லை. கூடவே வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கவனிக்க வேண்டியது விளைவு. தமிழ்நாடு அனுப்பிய மூன்று பெண்களும், கேரளம் அனுப்பிய ஒரே பெண்ணும் அந்த வாரம் அவைக்கு வெளியே. 78 என்ற எண் எவ்வளவு மெல்லியது என்பது அப்போது தெரிந்தது. ஆண்களில் பலர் போனாலும் ஒரு மாநிலத்தின் ஆண்குரல் முற்றாக நின்றுவிடாது. மூவர் மட்டுமே இருக்கும் இடத்தில் மூவரும் போனால் மிச்சமில்லை.

அந்த வாரத்தில்தான், டிசம்பர் 20 அன்று, மக்களவையில் 95க்கும் அதிகமான எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருக்க, மூன்று குற்றவியல் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனியத்தின் அடிமைத் தளையை அறுப்பதாக அதை அறிமுகப்படுத்தினார்கள். அதன் 63ஆவது பிரிவு பாலியல் வல்லுறவை வரையறுக்கிறது. வரையறையின் கீழே விதிவிலக்கு: மனைவி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவளாக இல்லாத பட்சத்தில், கணவன் அவளோடு கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது. 1860இல் எழுதப்பட்ட விதிவிலக்கு வயதை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே குடியேறியது. 2013இல் வர்மா குழு அதை நீக்கச் சொல்லியிருந்தது. தளை அறுத்தவர்களின் கை அந்த ஒரு தளையிடம் வந்ததும் நின்றுவிட்டது. பழைய 377ஆவது பிரிவு மாற்று ஏற்பாடு இல்லாமல் கைவிடப்பட்டதால், வயதுவந்த ஆண்களும் திருநங்கைகளும் வல்லுறவுக்கு ஆளானால் அதை வல்லுறவாகக் காணும் பிரிவே இல்லாமல் போனது.

உள்ளே இருந்திருந்தால் அந்தப் பெண்கள் இதை எதிர்த்துப் பேசியிருப்பார்களா? சொல்ல முடியாது. பேசியிருந்தாலும் பெரும்பான்மை மாறியிருக்காது. இருந்தும் ஏன் அது முக்கியம்? நாடாளுமன்றத்தில் தோற்றுப்போகும் பேச்சுக்கும் ஒரு வாழ்வு உண்டு. அது அவைக்குறிப்பில் அச்சாகிறது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எடுத்துக் காட்டுகிறார். இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவி தேடி எடுத்து, அன்றே ஒருத்தி சொன்னாள் என்று எழுதுகிறாள். இந்துச் சட்ட மசோதாக்களின் காலத்துப் பெண் உறுப்பினர்களை நாம் அப்படித்தான் இன்று கண்டெடுக்கிறோம். 2023 டிசம்பர் 20இன் அவைக்குறிப்பில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியின் சொல்கூட இல்லை. வீட்டுக்குள் பெண்ணின் மறுப்புக்கு மதிப்பில்லை என்று மீண்டும் சட்டமானபோது, அவையில் மறுப்புச் சொல்லக்கூடியவர்கள் அவைக்கு வெளியே நின்றிருந்தார்கள். இரண்டு இடத்திலும் தர்க்கம் ஒன்றுதான்: உள்ளே இருக்க வேண்டுமானால் சம்மதித்திரு.

அடுத்த பட்டியல்

2024 தேர்தல் இடஒதுக்கீடு இல்லாமலே நடந்தது. வணங்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை 78இலிருந்து 74ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் மூவர் ஐவரானார்கள். முன்பிருந்த மூவரோடு தென்காசியில் ராணி ஸ்ரீகுமாரும் மயிலாடுதுறையில் சுதாவும் சேர்ந்தார்கள். மஹுவா மொய்த்ரா கிருஷ்ணாநகரில் மீண்டும் வென்றார். கைசர்கஞ்சில் பிரிஜ் பூஷணுக்கு இடம் தரப்படவில்லை. அவருடைய மகனுக்குத் தரப்பட்டது, அவர் வென்றார். அந்த மகனை 'வாரிசு' என்று சொல்லிக் கேலி செய்தவர்கள் குறைவு. 63ஆவது பிரிவும் அதன் விதிவிலக்கும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அடுத்த முறை உறுப்பினர் பட்டியல் வெளியாகும்போது ஊடகங்கள் பெண்களின் எண்ணிக்கையை எண்ணிச் சொல்லும். நாம் அதோடு நிறுத்தக்கூடாது. நம் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிற கட்சியிடம், சட்டம் வரும்வரை காத்திராமல் உங்கள் பட்டியலில் மூன்றில் ஒன்றை ஏன் தரவில்லை என்று கேட்க வேண்டும். தந்த இடங்களில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். திருநங்கை ஒருவர்கூட இதுவரை மக்களவைக்குள் போனதில்லை என்பதை நினைவூட்ட வேண்டும். போனவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவைக்குறிப்பில் தேடிப் படிக்க வேண்டும். கல்லூரிகளில் பெண்ணியம் படிக்கும் மாணவிகளுக்கு அது பாடநூலாகவே இருக்கத் தகும்.

63ஆவது பிரிவின் விதிவிலக்கு என்றாவது ஒருநாள் திருத்தத்துக்கு வரும். அன்று அவையில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்பதோடு, அவர்கள் பேசி முடிக்கும்வரை உள்ளே இருக்க விடப்படுவார்களா என்பதையும் நாம் இப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.